லேபிளில் இடம்பெறாத உழைப்பு

மார்த்தாண்டம் தேன் என்ற பெயரில் நாம் வாங்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்த்துவிட்டு மீண்டும் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள மிகச் சிறிய சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. தளிரின் செம்பழுப்பு நிறம் மாறி இளம்பச்சை ஏறும் சில வாரங்களுக்குத்தான் இந்தக் கசிவு இருக்கும். அந்த நாட்களில் அருமனை, களியல், குலசேகரம் பக்கம் உள்ள தோட்டங்களில் ஒரு தாழ்ந்த கிளையை வளைத்து அந்த இடத்தைத் தொட்டால் விரல் நுனி பிசுபிசுக்கும். தேனீக்கள் தேடி வருவது அந்தத் துளியைத்தான். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓராண்டுக்கான தேன் வருமானம் ஏறக்குறைய முழுவதும் அந்தத் துளியை நம்பியே இருக்கிறது.

நாகர்கோவிலில் சந்தைப்படுத்தல் பாடம் நடத்தும் ஆசிரியன் என்ற முறையில், இந்தத் தேனுக்கு ஒரு லேபிள் எழுதி வருமாறு மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்வது என் வழக்கம். முன்பெல்லாம் எழுத்துப்பிழைகளோடும் கோணலான வாக்கியங்களோடும் எழுதி வருவார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, பிழையே இல்லாத, படிக்கச் சுகமான, ஒன்றுபோலவே இருக்கும் லேபிள்கள் வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் மலையடிவாரம் இருக்கிறது, காட்டுப்பூ இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பாரம்பரியம் இருக்கிறது. ரப்பர் மட்டும் எதிலும் இல்லை. இத்தனைக்கும் அதை எழுதி வந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டு முற்றத்திலேயே ரப்பர் சீட்டு காய்ந்துகொண்டிருக்கும். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால், ரப்பர் என்று எழுதினால் யாரும் சாப்பிட மாட்டார்கள் சார் என்பதுதான் பதில். அந்தப் பதிலில் வணிக அறிவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தேனை உண்டாக்கும் மரத்தையும் மனிதர்களையும் லேபிளிலிருந்து நீக்கிவிட்ட பிறகு, எந்த ஊரின் தேனுக்கும் ஒட்டக்கூடிய ஒரு பொதுவான புகழுரைதான் மிஞ்சுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதிலேயே அந்த வகுப்பின் நேரம் முழுவதும் கழிகிறது.

பிராண்ட் என்பதை வாங்குபவரின் மனத்தில் பதியும் பிம்பம் என்று கற்பிக்கும் துறை எங்களுடையது. அதைக் கற்பித்துக்கொண்டே வந்த எனக்கு, அந்த வரையறையில் பாதிதான் இருக்கிறது என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. ஒரு பொருளின் பெயருக்கு மதிப்பு வருவது அதைச் செய்பவர்களின் வேலைநாட்களால்தான். அந்த வேலைநாட்களைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் எந்தத் தொழில்நுட்பமும், அது எவ்வளவு அழகாக விற்றுக் கொடுத்தாலும், பிறர் சேர்த்துவைத்த மதிப்பை எடுத்துச் செலவு செய்கிறது என்றே நான் கருதுகிறேன். இதை எங்கள் மாவட்டத்தின் பொருட்களை வைத்தே விளக்க முடியும்.

மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் வந்த கதையை விளம்பரத் துறையைச் சேர்ந்த எவரும் எழுதவில்லை. இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த 1920-களில், ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை இங்கே ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தினார். மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் இருந்த தேன்கூட்டைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்த நிலை மாறி, நியூட்டன் பெட்டி எனப்படும் சிறிய மரப்பெட்டியில் இந்தியத் தேனீயை வளர்க்கும் முறை அந்த மையத்தின் பயிற்சிகள் வழியாகப் பரவியது. 1937-இல் தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் மார்த்தாண்டத்தில் தொடங்கப்பட்டது. சிறுசிறு அளவில் தேன் எடுக்கும் குடும்பங்கள் தங்கள் தேனை ஓரிடத்தில் கொடுத்து, அங்கே அது பக்குவப்படுத்தப்பட்டு, தரம் பார்த்து, ஒரே பெயரில் விற்பனைக்குப் போகும் முறையை நிலைநாட்டியது அந்தச் சங்கம். இன்றைய மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. அந்தக் குடும்பங்கள் பெயர் எதுவும் வைக்காமலேயே அதைச் செய்து முடித்திருந்தன.

பிறகு 1990-களின் தொடக்கத்தில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. புழுப் பருவத்திலேயே தேனீக்களைக் கொல்லும் நோய் அது. புழுக்கள் நீர் கோத்த பைபோல ஆகி அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். பெட்டி பெட்டியாகக் கூட்டங்கள் அழிந்தன. பலர் தொழிலையே விட்டார்கள். எஞ்சியவர்கள் நோய்க்குத் தாக்குப்பிடித்த கூட்டங்களைத் தேடிப் பிரித்துப் பெருக்கி, மீண்டும் பழைய அளவை நோக்கி நகர்ந்தார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழ்களில் வந்த செய்திகள் அதன் சுவையையும் நிறத்தையும் பற்றிப் பேசின. அந்த அங்கீகாரத்துக்கு உண்மையில் தகுதி சேர்த்தது, நோய்க் காலத்தில் காலிப் பெட்டிகளை விறகாக எரித்துவிடாமல் வைத்திருந்தவர்களின் பிடிவாதம் என்பது என் கருத்து.

ஒரு தேனீ வளர்ப்பாளரின் ஆண்டு எப்படிப் போகிறது என்பதை அருகில் இருந்து பார்த்தால், பிராண்ட் என்ற சொல்லின் கனம் புரியும். தேன் எடுக்கும் காலம் தை முதல் பங்குனி வரைதான். அப்போது பெட்டியின் மேலறையில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை எடுத்து, தேன் அறைகளின் மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, கையால் சுற்றும் டிரம்மில் வைத்துத் தேனைப் பிரித்தெடுத்து, அடையை உடையாமல் மீண்டும் பெட்டிக்குள் வைப்பார்கள். அடை உடையாமல் திரும்பிப் போனால்தான் தேனீ புதிதாக மெழுகு கட்டுவதில் நேரத்தைச் செலவிடாமல் உடனே தேன் சேர்க்கப் போகும். மெழுகு மூடி போடாத அறையில் நீர்ச்சத்து அதிகம்; அவசரப்பட்டு அதையும் சேர்த்து எடுத்தால் தேன் புளித்துப்போகும். நம் நாட்டு உணவுத் தர விதி தேனில் 20 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்தியத் தேனீயின் தேன் இயல்பிலேயே சற்று நீர்த்தது என்பதால், எந்தச் சட்டத்தை இன்று எடுக்கலாம், எதை இன்னும் சில நாள் விட்டுவைக்கலாம் என்ற தீர்மானம் தோட்டத்தில் நிற்பவரின் கண்ணில்தான் இருக்கிறது.

இது மூன்று மாதக் கதை. மீதி மாதங்கள் எந்தப் புகைப்படத்திலும் வருவதில்லை. இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆனி தொடங்கி மழை பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் கிடைப்பது குறைவு. அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றிக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். பெட்டிக் காலில் எறும்பு ஏறாமலிருக்க வைத்த கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சி அடையில் நூலாம்படை போல வலை பின்னியிருக்கிறதா என்று வாரந்தோறும் திறந்து பார்க்க வேண்டும். மழை ஓயும் நேரத்தில் கூட்டங்களைப் பிரித்துப் புது ராணியோடு தனித்தனிப் பெட்டிகளில் குடியமர்த்த வேண்டும். மேல்புறம் என்ற ஊர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தபோது அவர்களிடம் சொன்னார்: “தேன் எடுக்கத எல்லாரும் வந்து போட்டோ புடிக்காவ மக்களே. மழையில ஈயச் சாவ விடாம வச்சிருந்தாத்தான் தை மாசம் தேனு. அந்த மழ மாசத்துக்கு யாரு காசு தருவா?”

சர்க்கரைப் பாகைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நுகர்வோரின் சந்தேகம் முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. பஞ்ச காலத்தில் கூட்டம் உயிர்பிழைக்கப் பாகு ஊட்டுவது உலகம் முழுவதும் உள்ள வளர்ப்பு முறை. கசிவுக் காலத்தில் பாகு ஊட்டி, அதையே தேனாகச் சேர்க்கவைத்து எடுப்பதும், எடுத்த தேனில் பாகைக் கலப்பதும் மோசடி. இரண்டுக்கும் இடையிலான எல்லையைக் காலண்டர்தான் காட்டும், புட்டி காட்டாது. தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது என்று வீடுகளில் செய்யும் சோதனைகள் எதுவும் நம்பத்தக்கவை அல்ல.

பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டமான பொருள் நல்ல பொருளைச் சந்தையிலிருந்தே விரட்டிவிடும் என்று காட்டியது. 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படை இந்த ஆய்வுதான். நல்ல தேனுக்கும் கலப்படத் தேனுக்கும் ஒரே விலை கிடைக்குமென்றால், மழைக்காலம் முழுவதும் பெட்டியைக் காத்தவர் நட்டப்பட்டு வெளியேறுவார். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியச் சந்தையில் விற்ற 13 தேன் பிராண்டுகளை தேனின் மூலக்கூறு அமைப்பை ஆராயும் என்.எம்.ஆர். சோதனைக்கு ஜெர்மனியில் உட்படுத்தியபோது, அவற்றில் 10 தேறவில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று: வழக்கமான சோதனைகளில் பிடிபடாத வகையில் சர்க்கரைப் பாகை வடிவமைக்கும் தொழில்நுட்பமே தனியாக வளர்ந்திருக்கிறது என்ற தகவல். பெயர்களை விளம்பரத்தால் வளர்க்கப் பெருந்தொகை செலவாகும் அதே சந்தையில், பெயரைக் காக்க வேண்டிய சோதனையை ஏய்க்கவும் பணம் செலவாகிறது. அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட அருமனையில் பாகு காய்ச்சிக்கொண்டிருப்பவரின் கைக்கு வருவதில்லை.

இணைய வணிகம் இந்த இடைவெளியைக் குறைக்கும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் எதிர்பார்த்தோம். வளர்ப்பவரே நேரடியாக விற்கலாம் என்பது உண்மைதான். எங்கள் முன்னாள் மாணவர்கள் சிலர் அப்படி விற்கிறார்கள், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அவர்களின் வேலைநாள் எப்படி மாறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல வகைத் தேன் குளிரில் உறைந்து மணல்மணலாக ஆகும்; அது இயல்பு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் புட்டியை வைத்தால் மீண்டும் இளகிவிடும். அதைக் கண்டு சர்க்கரை என்று நினைத்துவிடும் ஒரு வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால், அந்தப் புட்டி தேடல் பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்ய, பகலெல்லாம் தோட்டத்தில் நின்றவர் இரவில் அலைபேசியோடு உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவரிடம் தேனின் வேதியியலை மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வந்த புட்டியின் போக்குவரத்துச் செலவும் அவர் கணக்கில்தான் ஏறுகிறது. தேனீ வளர்ப்போடு, படம் எடுப்பது, விவரணை எழுதுவது, புகார் கேட்பது என்று இன்னொரு முழுநேர வேலை அவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அதற்குக் கூலி என்று எந்தக் கணக்கிலும் ஒரு பத்தி கிடையாது.

தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. இன்று பெட்டிக்கடையிலும் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடு எங்கிருந்து வந்தது என்பதை வகுப்பில் விரும்பிச் சொல்வேன். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு அதை உருவாக்கியது, கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக. ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்த தொழிலாளர்களின் சலிப்பும் களைப்பும் அந்தக் கண்டுபிடிப்புக்கு முக்கியக் காரணம். வேலை செய்பவரின் சிரமத்தைக் கேட்டு உருவான கருவி அது. அதே கருவியைத் தேன் புட்டியில் ஒட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலான புட்டிகளில் அது நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்கோ விளம்பரப் படத்துக்கோ அழைத்துச் செல்கிறது. எந்த ஊர்த் தோட்டம், எந்த மாதம் எடுத்தது, ஈரப்பதம் எவ்வளவு, எடுத்தவர் யார் என்ற நான்கு விவரங்களைத் தருவதற்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது. பார்கோடு இதைவிடவும் குறைவாகவே சொல்கிறது. 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் நிறுவனம் இந்தியாவில் பதிவு பெற்றிருப்பதை மட்டுமே குறிக்கிறது, உள்ளே இருப்பது எங்கே விளைந்தது என்பதை அல்ல.

நாகர்கோவில் நகரின் ஒரு பகுதியான வடசேரியின் கதை இன்னும் கவலை தருகிறது. நாகர்கோவில் கோவில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வெள்ளித் தகட்டில் அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கு அழுத்திச் செய்யும் அந்த நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் ஒட்டியாணமும் நடன மேடைகளுக்காக உலகெங்கும் போகின்றன. ஆனால் இணையத்தில் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று தேடினால் வந்து குவிவது, எங்கெங்கோ அச்சில் வார்த்து முலாம் பூசிய நகைகள். ஓர் ஊரின் கைத்தொழிலுக்கு உரிய பெயர் ஒரு வடிவமைப்புப் பாணியின் பெயராகி, பிறகு தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யும் வெறும் குறிச்சொல்லாகிவிட்டது. விற்பவர்கள் அதைத் தங்கள் தலைப்பில் சேர்த்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒரு கல்லை இருத்துவதற்கு எவ்வளவு சூட்டில் அரக்கு இளக வேண்டும் என்று விரலால் அறிந்தவருக்கும் வார்ப்பு அச்சுக்கும் தேடல் இயந்திரத்தின் கணக்கில் வேறுபாடு இல்லை.

இந்தப் பின்னணியில்தான் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், புவிசார் குறியீட்டை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ உரிமம் தரவோ அடகு வைக்கவோ தடை விதிக்கிறது. ஒரு வணிகச் சின்னத்தை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். தொழிற்சாலையே இல்லாத நிறுவனம்கூடப் பிரபலமான பெயரை வாங்கி எந்தப் பொருளிலும் ஒட்டலாம். மார்த்தாண்டம் தேன் என்ற பெயரை அப்படி விற்க முடியாது. இந்த மண்ணில் அதை உற்பத்தி செய்பவர்களுக்கு மட்டுமே அது உரியது. நான் கற்பிக்கும் பாடநூல்கள் எல்லாம் பிராண்டை ஒரு சொத்து என்றும், அதற்கு மதிப்புப் போட்டு வாங்கி விற்கலாம் என்றும் சொல்கின்றன. விற்கவே முடியாத ஒரு பெயரும் சட்டத்தில் இருக்கிறது, அது வேலை செய்பவரோடு சேர்ந்தே இருக்கும் என்பதை மாணவர்கள் முதன்முறை கேட்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வியப்பு எனக்கு நிறைவு தருகிறது.

மனிதர்களையே பிராண்டாக்கச் சொல்லும் காலம் இது. ஒவ்வொருவரும் தன்னையே ஒரு பிராண்டாக நடத்த வேண்டும் என்ற கருத்து 1997-இல் ஓர் அமெரிக்க வணிக இதழில் முழக்கமாக வந்தது. இன்று அது எங்கள் இறுதியாண்டு மாணவர்களின் லிங்க்ட்இன் பக்கத்தில் குடியேறியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. படித்து முடித்தவர்கள் திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். போவதற்கு முன் தங்களைப் பற்றி எழுதும் அந்தச் சில வரிகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தலைமைப் பண்பு, ஆர்வம், குழுவாகச் செயல்படும் திறன் என்று எல்லோரும் ஒரே மூன்றைத்தான் எழுதுகிறார்கள். ஒரு மாணவி தன் அம்மாவின் சுயஉதவிக் குழுவுக்குப் பள்ளிக்காலம் முதல் கணக்கு எழுதி வருகிறாள். கடன் தவணை தவறிய வீட்டுக்கு நேரில் போய்ப் பேசி வசூலிப்பதும் அவள்தான். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் ஒரு வேலையா சார்?” என்றாள். வாடிக்கையாளர் உறவு என்று நான் இரண்டு பருவங்கள் கற்பிக்கும் பாடம் முழுவதும் அவள் செய்துகொண்டிருந்த அந்த வேலைக்குள் இருந்தது.

ஆசிரியர் தொழிலும் இதற்கு விலக்கல்ல. தரவரிசைக்கும் தரமதிப்பீட்டுக்கும் உரிய படிவங்கள், புகைப்படச் சான்றுகள், மேற்கோள் எண்ணிக்கைகள் ஆகியவற்றைப் பதிவேற்றுவதில் ஓர் ஆசிரியரின் மாலைநேரங்கள் கரைகின்றன. பின்தங்கிய ஒரு மாணவனோடு உட்கார்ந்து ஒரு பத்தியை மீண்டும் எழுதவைப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இதைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும், தேனீ வளர்ப்பவரின் நிலையோடு ஒப்பிட்டால் மாதச் சம்பளம் வாங்கும் எங்கள் குறை சிறியது.

சட்டம் பெயரைக் காத்தாலும், பயன் தானாக வந்து சேர்வதில்லை. குறியீட்டைத் தங்கள் புட்டியில் பயன்படுத்த வளர்ப்பவர்கள் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிய வேண்டும். நான் பேசிப் பார்த்த வளர்ப்பவர்களில் பலருக்கு, குறியீடு கிடைத்த செய்தி தெரியும்; தாங்களும் பதிய வேண்டும் என்பது தெரியாது. ஆகவே லேபிள் பயிற்சியை இப்போது மாற்றியிருக்கிறேன். புகழுரை எழுதி வரச் சொல்வதில்லை. மாணவர்கள் ஒரு வளர்ப்பவரோடு இணைந்து, அவருடைய பெட்டிகள் எந்தத் தோட்டங்களில் இருக்கின்றன, எந்த வாரத்தில் தேன் எடுத்தார், ஊட்டிய பாகுக்கு எவ்வளவு செலவானது என்ற குறிப்பேட்டைத் தயாரிக்க வேண்டும்; பயனாளர் பதிவுக்கான விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும்; கடைசியாக, ஒரு புட்டியின் விற்பனை விலையை எடுத்து, வளர்ப்பவர், பக்குவப்படுத்துபவர், புட்டி, போக்குவரத்து, இணைய விற்பனைத் தளத்தின் கமிஷன், விளம்பரம் என்று ஒவ்வொரு பங்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

அந்தத் தாளை வகுப்பில் வைத்துப் பேசும்போதுதான் உண்மையான விவாதம் நடக்கிறது. மழைக்காலப் பாகுச் செலவை உற்பத்திச் செலவில் சேர்ப்பதா, பிராண்டுக்கான முதலீடாகக் கொள்வதா என்று சென்ற முறை வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முதலீடு என்று வாதிட்டவர்கள், விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஒரு பகுதியை ஆனி, ஆடி மாதங்களில் வளர்ப்பவர்களுக்கு முன்பணமாகக் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் எழுதித் தந்தார்கள். லேபிளில் ‘ரப்பர் தோட்டத் தளிர்த் தேன்’ என்று வெளிப்படையாக அச்சிட்டு, இலைக்காம்பின் சுரப்பியை ஒரு சிறு கோட்டுப்படமாகப் போட வேண்டும் என்பதும் அவர்கள் பரிந்துரை. அப்படி அச்சிட்ட புட்டியைக் கடைக்காரர்கள் அலமாரியில் முன்வரிசையில் வைப்பார்களா என்று இன்னொரு குழு கேட்டது. அடுத்த கசிவுக் காலத்தில் சிறிய அளவில் அச்சிட்டு, நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் சில கடைகளில் வைத்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முன்பணத் திட்டத்தைத் தேனீ வளர்ப்போர் சங்கத்தாரிடம் எடுத்துச் சென்று பேசுவதற்கு மழை தொடங்கும் முன் ஒரு நாள் கேட்டிருக்கிறோம்.